பாயின்ட்டில் வைத்த சந்தனம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல வந்து வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று மத்தியானம் உட்கார்ந்து யோசிக்கிறேன். எங்கள் படிப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற டீச்சர், "உங்களுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணப் பத்தி எழுதுங்கம்மா, எல்லாத்தையும் சேத்துப் புத்தகமா போடலாம்" என்றார்கள். மற்ற பெண்கள் மீன் குழம்பு, கருவாடு போடுவது, வலை தைப்பது என்று எழுதினார்கள். வலை எனக்கும் தைக்கத் தெரியும். ஆனால் பேனாவை எடுத்தால் மோட்டார்தான் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

பட்டினப்பாக்கத்தில், மணலுக்கு இந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு மாடி வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் போட்டில் போகிறவர். அதோடு கடல் மோட்டார் ரிப்பேரும் பார்ப்பார். மணலில் நாலு கம்பு நட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார், அதுதான் பட்டறை. எனக்கு மீன் விற்க வராது. கூவி விற்க வாய் வேண்டும். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் நான் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டு, அவர் கூப்பிடும்போது டார்ச் லைட் பிடிப்பேன். நாற்பது வருஷம் பிடித்திருப்பேன்.

அவருடைய சொந்த மோட்டார் ரொம்பப் பழசு. என் பெண் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் வாங்கியது. ஒற்றை சிலிண்டர். இப்போது வருகிற மோட்டாரில் பாயின்ட் என்ற சாமானே கிடையாதாம், எல்லாம் கரன்ட்டு பெட்டியிலேயே நடந்துவிடுமாம். குப்பத்தில் எல்லாரும் புதுசுக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் மாறவில்லை. கரையோரம் வலை போட்டுவர இது போதும் என்பார்.

பாயின்ட் என்றால் இரண்டு சின்ன உலோகப் பொட்டு. மோட்டாரின் தலையில் பிளைவீல் என்று கனத்த சக்கரம் ஒன்று இருக்கும், அதற்கு அடியில் இருக்கிறது இது. சக்கரம் சுற்றும்போது இரண்டு பொட்டும் ஒட்டும், விலகும். விலகுகிற அந்த நொடியில்தான் பிளக்கில் பொறி வரும். ரொம்ப விலகினாலும் தப்பு, விலகாவிட்டாலும் தப்பு. சக்கரத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கயிற்றைச் சுற்றி இழுக்கிற தட்டைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, பொட்டு இரண்டும் அதிகம் விலகி நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, கேஜ் என்கிற அளவுத் தகட்டை நடுவில் விட்டு, பாயின்ட்டை நகர்த்தி வைத்து, மறுபடி ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். முப்பத்தஞ்சு என்று நம்பர் வெட்டின தகடு அது. விசிட்டிங் கார்டு கனம் இருக்கும். தகடு தாராளமாகப் போகவும் கூடாது, சிக்கவும் கூடாது. வலை முடிச்சுக்குள் நைலான் நூல் லேசாக உராய்ந்துகொண்டு வருமே, அப்படி வர வேண்டும். இறுக்கும்போது மறுபடி நகர்ந்துவிடும், அதனால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கடைசியில் வெள்ளைத் தாள் துண்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்டால்கூடப் பொறி வராது என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

இது எல்லாம் தெரிந்தவள்தான் நான். அதனால்தான் வெட்கம்.

என் பெண் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே பழக்கமாகி, வடபழனிப் பையனைக் கட்டிக்கொண்டாள். பஸ் டிப்போவுக்குப் பின்னால் டூ வீலர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். நல்ல கைக்காரர் என்று அந்தப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் அது ஏறவில்லை. "கடலுன்னா இன்னான்னு தெரியாதவனுக்குப் பொண்ணக் குட்த்துட்டேன்" என்பார். நேருக்கு நேர் சண்டை ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவார், பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீ குடிப்பார், இவர் மோட்டார் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆறு வருஷம் அப்படி. இவர் பிளக்கை எடுத்துக் கொடுத்துத் துடைக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

"அம்மா, அவருக்கு இன்னா ஆசை தெரியுமா?" என்று என் பெண் ஒரு நாள் சொன்னாள். "ஒரே ஒரு வாட்டி அப்பா அவரு கையில அந்த மோட்டார நம்பிக் குட்த்துட்டா போதுமாம். சின்னக் கொயந்த மாதிரி சொல்றாரும்மா."

எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மாப்பிள்ளையிடம் நான் என்றைக்கும் நின்று பேசியதில்லை. "வாங்க மாப்ள", "சாப்டுங்க மாப்ள", இரண்டே பேச்சு. மற்றதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பெண் மூலமாகத்தான்.

அப்புறம் சர்க்கரை வியாதி என் வீட்டுக்காரர் கண்ணில் வந்தது. பக்கத்தில் இருப்பது மங்கிப்போனது. ஜன்னல் வழியாக நான் பார்த்துச் சொல்வேன், அவர் திருப்புவார். "தகடு போவுதா?" "போவுது." "உராயுதா?" "கொஞ்சம்." இப்படியே ஓட்டினோம். என் கண்ணை அவர் நம்பினார். இந்த ஊரில் என்னை ஒரு விஷயத்துக்காக நம்பினவர் அவர் ஒருவர்தான். அடுத்த வருஷம் கையும் நடுங்க ஆரம்பித்தது. அந்தப் புரட்டாசியில் பழைய பாயின்ட் தேய்ந்து குழி விழுந்து மோட்டார் முரண்டு பிடித்தது. காசிமேட்டிலிருந்து புது பாயின்ட் வாங்கி வந்து, இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வந்து சேரில் உட்கார்ந்ததும் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

"நீ போடு."

மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். "நானா மாமா?"

"பின்ன, பக்கத்துல வேற யாரு கீறாங்க? உன் அத்தையா?"

நான் லைட் பிடித்தேன். எவ்வளவு அழகாகச் செய்தார் தெரியுமா. அவசரமே இல்லை. தகட்டை மூன்று தடவை விட்டு விட்டுப் பார்த்தார், தாளால் துடைத்தார், துடைத்த தாளில் கறுப்பு வருகிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். "அத்தை, லைட்டு கொஞ்சம் கீய புடிங்க" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். நீல டிரம்மில் தண்ணீர் ரொப்பி மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஒரே சீரான சத்தம். என் வீட்டுக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார். "மாப்ளைக்கு டீ போடுடி, சக்கர தூக்கலா" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பெரிய மெடல். மாப்பிள்ளை அந்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஆயுத பூஜை. வருஷா வருஷம் ஸ்பேனர், கத்தரி, வலை ஊசி, தராசு, மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. மோட்டாருக்கு மேல் மூடியில் வைப்பேன். அந்த வருஷம் மூடியும் கயிற்றுத் தட்டும் கழற்றித்தான் இருந்தன, துடைத்து மாட்டுவதற்காக. எல்லாரும் பொரி கடலை வாங்கப் போயிருந்தார்கள். நான் தனியாக இருந்தேன். மூடிக்கு வைத்தேன். சக்கரத்துக்கு வைத்தேன். அப்புறம் எனக்குத் தோன்றியது, மாப்பிள்ளை கை வைத்தது உள்ளே இருக்கிற அந்த இடத்தில்தானே, மோட்டாருக்கு உயிர் இருப்பதும் அங்கேதானே, அதற்கு வைக்காமல் மற்றதற்கெல்லாம் வைத்து என்ன பிரயோஜனம்? மோதிர விரலில் சந்தனம் எடுத்து ஜன்னல் வழியாக விட்டு, பாயின்ட்டுக்குப் பக்கத்து இரும்பில் ஒரு பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். பாயின்ட் மேலே வைக்கவில்லை, பக்கத்தில்தான். ஆனால் பன்னீர் அதிகம் விட்டுக் கரைத்திருந்தேன், நீர்க்க இருந்தது. வழிந்திருக்கும். "மாப்ள கைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது தாயே" என்று வேண்டிக்கொண்டேன். விரல் படக்கூடாது என்ற பேச்சு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. சாமி காரியம் வேறு, ரிப்பேர் வேறு என்று என் புத்தியில் இரண்டு அறையாக இருந்தது போல.

பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது, மோட்டாரை எடுத்து ஓட்டக்கூடாது. அதனால் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. தட்டையும் மூடியையும் மாட்டி மாலை போட்டதோடு சரி.

மறுநாள் விஜயதசமி. காலையிலேயே போட்டை இறக்கினார்கள். என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, இரண்டு பேரும் ஏறின பிறகு இவர் திரும்பிப் பார்த்து, "நீயும் ஏறு" என்றார். மாப்பிள்ளை பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, போட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். என் பெண் போனில் படம் எடுத்தாள். மூன்று இழுப்பில் மோட்டார் பிடித்தது. அலையைத் தாண்டிப் போனது. நான் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இருமியது. மறுபடி இருமியது. நின்றுபோனது.

காய்ந்த சந்தனம் சக்கரம் சுற்றுகிற அதிர்வில் உதிர்ந்து இரண்டு பொட்டுக்கும் நடுவே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. போட் குறுக்கே திரும்பி அலை பக்கம் தள்ளிக்கொண்டு வருவதுதான் தெரிந்தது. என் பெண் போனைக் கீழே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி துடுப்பை எடுத்துப் போட்டைப் பிடித்து நிறுத்தினார். நல்ல வேளை, பக்கத்தில் ஒரு போட் வந்து கயிறு வீசிக் கரைக்கு இழுத்து வந்தது. கரை முழுக்க ஆட்கள், பண்டிகை நாள் வேறு.

"யோவ் பெருசு, மோட்டாரு போட்ட இயுக்குதா, இல்ல போட்டு மோட்டார இயுத்துகினு வருதா?"

"மாப்ள ஸ்டாண்டு எடுக்க மறந்துட்டாப்ல நைனா!"

"கிக்கர ஒதச்சிப் பாத்தியா மச்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாப்பிள்ளை நனைந்துபோய் நின்றுகொண்டு, "கடல்லயே தொறந்து பாக்கறேன்னு சொன்னேன் மாமா" என்றார். "நீ கைய வெக்காத" என்று கத்தினார் இவர். மோட்டாரைத் தூக்கி வந்து தார்ப்பாய்க்குக் கீழே வைத்தார்கள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. இவரே தட்டைக் கழற்றினார். சக்கரத்தைத் திருப்பினார். என்னைக் கூப்பிட்டார்.

"பாரு. இன்னா கீது உள்ள?"

லைட் அடித்துப் பார்த்தேன். மஞ்சளாகப் பொரிந்துபோன சந்தனம். ஓரத்தில் சிவப்பு. பொட்டு இரண்டுக்கும் நடுவே துகள். என் விரல் வைத்த இடம்.

நான் சொல்லியிருக்கலாம். சந்தனம் பட்டுடுச்சி, நான்தான் வெச்சேன் என்று. ஒரு வரி. சிரித்திருப்பார்கள். பொம்பளை மோட்டாருக்கே பொட்டு வைத்தாள் என்று மீன் மார்க்கெட் வரைக்கும் போயிருக்கும் பேச்சு. இவரும் நாலு வார்த்தை திட்டியிருப்பார். என்னை அடிக்கிற மனிதர் இல்லை அவர். அதற்கு மேல் என்ன வந்துவிடும்? ஆனால் முப்பது நாற்பது பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாளை உள்ளே விட்டு இழுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். தாளை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டேன். அப்புறம் தகட்டை விட்டேன். சரியாக உராய்ந்துகொண்டு போனது. மாப்பிள்ளை வைத்த அளவு நூல் பிசகாமல் அப்படியே இருந்தது.

"இன்னாடி? கேப்பு எப்டி கீது?"

"லூசா போவுதுங்க" என்றேன்.

கூட்டத்தில் ஒருவர் 'ச்சு' கொட்டினார். என் வீட்டுக்காரர் நடுங்குகிற கையால் ஸ்க்ரூவைத் தளர்த்தினார். "சொல்லு, எங்க வர்து?" நான் அது இருந்த இடத்துக்கே கொண்டுவந்து, "இப்ப சரியா கீது" என்றேன். இறுக்கினார். டிரம்மில் மாட்டி இழுத்தார்கள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூட்டம் கை தட்டியது. "பெருசு கை பெருசு கைதான்யா!" என்றார்கள். இவர் தலை நிமிர்ந்தது. ஒரு வருஷமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை. அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். அந்த நொடியில் நான் நினைத்தது என்னைப் பற்றி மட்டும்தான்.

"ஸ்கூட்டர் முடுக்குறவன் கையில கடல் மோட்டாரக் குட்த்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார் மாப்பிள்ளையைப் பார்க்காமல்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குத் தப்பிப்போன பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி. அப்புறம், "இறுக்கும்போது நகர்ந்திருக்கும் மாமா. என் தப்புதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்று தடவை சரிபார்த்ததை லைட் பிடித்துக்கொண்டு பார்த்தவள் நான்.

தனியாக இருக்கும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார், சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். ஒரு வாரம் ஆனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம் வந்தது. நாள் ஆக ஆக அந்தப் பயம் பெரிசாகியது. மாப்பிள்ளைக்குக் குப்பத்தில் 'ஸ்கூட்டரு' என்று பேர் நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்தது. வந்தாலும் மாடியோடு சரி, பட்டறைப் பக்கம் இறங்கவில்லை. "அவரு கடையிலயே இப்ப எதச் செஞ்சாலும் நாலு வாட்டி பாக்குறாரும்மா. கஸ்டமர் கத்துறாங்க" என்று என் பெண் சொன்னபோது, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கடைசி மாதங்களில் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மாடிப்படி ஏற முடியாது அவருக்கு. மாப்பிள்ளைதான் கடையை மூடிவிட்டு வந்து, முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவார், இறங்குவார். ஒரு நாள் அப்படி ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போனதும், இவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தங்கமான புள்ளடி. கைதான் கொஞ்சம் சுத்தம் இல்ல." நான் கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஸ்பூனை அவர் வாயில் வைத்தேன். பதினைந்து நாளில் அவர் போய்விட்டார். அதையே நம்பிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம் மாப்பிள்ளை வந்தார். மோட்டார் தார்ப்பாய் சுற்றி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, என் பெண்ணிடம்கூடச் சொல்லாமல், நேராக என்னிடமே கேட்டார்.

"அத்தை, தப்பா நெனச்சிக்காதீங்க. இத ஒரு வாட்டி தொறக்கலாமா? சும்மா உப்பு புடிக்காம வெக்கலாம்னு. மாமா இருந்தா உட மாட்டாரு, தெரியும்."

தலையாட்டினேன். வாசலிலேயே வைத்துத் திறந்தார். துரு தேய்த்தார், பாயின்ட்டைக் கழுவி மாட்டினார், தகட்டை வைத்தார். அதே மாதிரி பொறுமை. இப்போது தகட்டை மூன்று தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை விட்டு விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்தது, எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில் டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

"நீங்க ஒரு வாட்டி பாத்து சொல்லுங்க அத்தை. என் கண்ண நம்பி நான் இப்ப எதையும் முடிக்கிறது இல்ல. அன்னிக்கி நீங்கதான கண்டுபுடிச்சீங்க."

லைட்டை வாங்கினேன். குனிந்து பார்த்தேன். "சரியா கீது மாப்ள" என்றேன். நெஞ்சுக்குள் மிச்சம் முழுக்க வந்து நின்றது. அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சி என்று ஒரு சொல். வரவில்லை. அவர் நிம்மதியாகச் சிரித்துவிட்டு மூடியை மாட்டினார். எனக்கு டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர்தான் வாங்கி அணைத்தார்.

வாயால் என்னால் ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அதனால்தான் எழுதினேன்.

டீச்சர், இதை நீங்கள் தட்டச்சு செய்து புத்தகத்தில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு உதவி செய்ய வேண்டும். தகட்டின் நம்பர் முப்பத்தஞ்சா நாற்பதா, ஸ்க்ரூவைத் தளர்த்துவது அரைச் சுற்றா கால் சுற்றா, பொறி வருவது ஒட்டும்போதா விலகும்போதா என்பதில் நான் தப்பாக எழுதியிருக்கலாம். இதெல்லாம் சரியாகத் தெரிந்தவர் எங்கள் மாப்பிள்ளை. வடபழனி டிப்போவுக்குப் பின்னால்தான் கடை. இந்தத் தாள்களை அவரிடம் கொடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் அவரையே படித்துப் பார்த்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். சந்தனத்தைப் பற்றி எழுதினதில் தப்பு இல்லை. அதை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.